அறுபடாத கோடு

செத்துப்போன பெண்ணிடமிருந்து வந்த மெயிலில் ஒரே ஒரு வார்த்தைதான் இருந்தது.

‘மாத்தியாச்சு.’

அதற்குக் கீழே ஒரு படம். நீலத்தில் ஒற்றைக் கோடு. ஒரு பெண்ணின் தலை முக்காடாகத் தொடங்கி, காற்றில் பறந்து, கடல் அலையாகச் சுருண்டு முடிகிற கோடு.

“இறந்தவங்க மெயில் அனுப்புறாங்களா? நான் உயிரோட இருந்தே ஒண்ணும் அனுப்பினதில்லையே” என்றார் கண்டக்டர்.

“இறந்தவங்கன்னு சொல்லாதீங்க” என்றார் கண்ணாடிக்கடைக்காரர். “காணாமப் போனவங்கன்னு சொல்லுங்க.”

கண்டக்டர் வாயை மூடிக்கொண்டார். அவர் என் உதவியாளர். முப்பது வருடம் பஸ்ஸில் விசில் ஊதிவிட்டு ஓய்வு பெற்றவர். வீட்டில் சும்மா உட்கார்ந்தால் மனைவி ‘இறங்கு, இறங்கு’ என்கிறாளாம். அதனால் என்னோடு துப்பறிய வந்துவிட்டார். வாய் கொஞ்சம் அதிகம். ஆனால் எங்கே மூட வேண்டும் என்று தெரிந்த வாய்.

கடை சின்னது. சுவர் முழுக்க யாருடைய முகத்துக்கும் போகாத கண்ணாடிகள். எதிர்ச் சுவரில், மேலிருந்து கீழே சின்னதாகிக்கொண்டே போகும் எழுத்துகள் உள்ள அட்டை. லென்ஸ் தேய்க்கிற மெஷினிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. அவர் அதை நிறுத்தவில்லை. அவருக்கு முப்பத்தி நான்கு வயது இருக்கும். சட்டையின் முன்பக்கம் மட்டும் இஸ்திரி போட்டிருந்தார். நானும் அப்படித்தான் போடுகிறேன், இரண்டு வருடமாக.

“முதல்லேருந்து சொல்லுங்க” என்றேன்.

சொன்னார். அவர் மனைவி லோகோ வரைகிறவள். கடைசியாக எடுத்த வேலை, லைஃப் ஜாக்கெட் தைக்கிற ஒரு கம்பெனிக்கு. கடல் தெரிய வேண்டும், பழைய கதை ஒன்றும் இருக்க வேண்டும் என்று கேட்டிருக்கிறார்கள். அவள் கிரேக்கப் புராணத்திலிருந்து ஒன்றை எடுத்தாள். மாதிரிக்கு இரண்டு ஜாக்கெட்டில் அந்த லோகோவைத் தைத்தார்கள். அதைக் கடலில் வைத்துப் படம் எடுக்கப் படகில் போனாள். ஏழு வாரத்துக்கு முன்னால், ஒரு வியாழக்கிழமை. படகு கவிழ்ந்தது. படகுக்காரர் மறுநாள் கரை ஒதுங்கினார், தலையில் அடியோடு, உயிரில்லாமல். அவள் கிடைக்கவில்லை.

“ஜாக்கெட்?”

அந்தக் கேள்விக்காகவே காத்திருந்தவர்போல நிமிர்ந்தார்.

“ரெண்டு கொண்டு போனா. ஒண்ணு கேமரா பையோட பலகைக்கு அடியில கட்டினபடியே கிடைச்சது. இன்னொண்ணு கிடைக்கலை. அது அவ மேலதான் இருக்கு. ஜாக்கெட் போட்டவங்க மூழ்க மாட்டாங்க. ஏதாவது கப்பல் ஏத்திக்கிட்டிருக்கும். எங்கயாவது ஆஸ்பத்திரியில பேச முடியாம இருப்பா. இப்ப கை சரியாகியிருக்கும், அதான் வேலையை முடிச்சு அனுப்பியிருக்கா.”

ஏழு வாரமாக ஒவ்வொரு செங்கலாக அடுக்கிக் கட்டியிருந்தார். நான் அதில் கை வைக்கவில்லை.

“மெயிலை முன்னாடியே எழுதி, இந்தத் தேதிக்குப் போகட்டும்னு வெச்சிருக்கலாம்” என்றார் கண்டக்டர்.

“முடியாது. ஓரத்துல கோடு ரொம்ப மெல்லிசா இருக்கு, மாத்துங்கன்னு கம்பெனியிலேருந்து கேட்டதே போன வாரம்தான். வரையறவங்க எல்லாருக்கும் அவங்கவங்க திருத்தத்தைப் போட்டு மொத்தமா அனுப்பின கடிதம். பட்டியல்லேருந்து இவ பேரை எடுக்க மறந்துட்டாங்க. அதுக்கு நாலாம் நாள் பதில் வந்திருக்கு. அங்க இருக்கிற குமாஸ்தா பயந்துபோய் எனக்கு அனுப்பிவெச்சாரு.”

“பாஸ்வேர்டு யாருக்குத் தெரியும்?”

“எனக்கே தெரியாது.”

“போலீஸ்?”

“யாரோ விளையாடுறாங்கன்னாங்க. ‘மாத்தியாச்சு’ன்னு ஒரே வார்த்தையில எழுதுறது அவதான் சார். வணக்கம் கிடையாது, நன்றி கிடையாது. என்கிட்டகூட அப்படித்தான். ‘சாப்பிட்டாச்சு’, ‘வந்தாச்சு’.”

இழுப்பறையைத் திறந்து ஒரு காகிதத்தை எடுத்தார். துறைமுக அலுவலகத்தின் படிவம். தேடுவதை நிறுத்திக்கொள்ளச் சம்மதம் என்று இருந்தது. கீழே கையெழுத்துப் போடும் இடம் காலி.

“நாளைக்குக் காலையில கேட்கிறாங்க. போடணுமா வேண்டாமா? அதை மட்டும் சொல்லுங்க. வேற எதுவும் வேண்டாம்.”

*

லைஃப் ஜாக்கெட் கம்பெனி ஒரு மூன்று மாடிக் கட்டடம். மேல் மாடியில் முதலாளியம்மாவின் அறை. ஆரஞ்சு நிற ஜாக்கெட்டுகள் கம்பியில் வரிசையாகத் தொங்கின, தலையில்லாத ஆட்கள்போல.

“ஒரு பஸ் நிறைய ஆளுங்க, டிக்கெட் எடுக்கத்தான் முகமில்லை” என்றார் கண்டக்டர் என் காதில்.

முதலாளியம்மாவுக்கு ஐம்பது வயது. மேஜையில் இரண்டு ஃபோன்கள். இரண்டையும் கவிழ்த்து வைத்தார். அது அவர் காட்டிய மரியாதை.

“நல்ல பொண்ணு. ஆனா பிடிவாதம். நான் முதல்ல என்ன கேட்டேன் தெரியுமா? திரிசூலம். கிரேக்கக் கடல் கடவுள் கையில வெச்சிருப்பாரே, அது. பார்க்கவே கம்பீரமா இருக்கும். மாட்டேன்னுட்டா.”

“ஏனாம்?”

“‘கப்பலைக் கவிழ்க்கிறதே அவருதான் மேடம். பூட்டுக் கம்பெனிக்குத் திருடன் படம் போடுவீங்களா?’ன்னா.”

கண்டக்டர் சிரித்தே விட்டார். முதலாளியம்மாவும் சிரித்தார். பிறகு இருவரும் ஒரே நேரத்தில் நிறுத்தினார்கள்.

சுவரில் அந்தப் பெண் ஒட்டிவிட்டுப் போன குறிப்பு இன்னும் இருந்தது. பென்சில் எழுத்து. படித்தேன்.

‘வெள்ளைத் தேவதை. முன்பு மனுஷி, இப்போது கடலில் இருப்பவள். தெப்பம் உடைந்து தத்தளிக்கும் மாலுமி ஒருவனைப் பார்க்கிறாள். தன் முக்காட்டைக் கழற்றிக் கொடுக்கிறாள். மார்பில் கட்டிக்கொள், மூழ்க மாட்டாய் என்கிறாள். அவன் உடனே நம்பவில்லை. கொடுத்துவிட்டு அவள் கடலுக்குள் போய்விடுகிறாள். உலகத்தின் முதல் லைஃப் ஜாக்கெட் இதுதான். லோகோவில் முகம் வேண்டாம். முக்காடு மட்டும் போதும்.’

இரண்டு படங்களையும் அருகருகே வைக்கச் சொன்னேன். பழையதில் மூன்று கோடுகள். தூரிகையால் இழுத்ததுபோல நடுவில் பருத்து, முனையில் மயிரிழையாய் மெலிந்தவை. ஒன்றையொன்று தொடவில்லை. அழகு.

புதியதில் ஒரே கோடு. தொடக்கம் முதல் முடிவு வரை ஒரே பருமன். மூன்று கோடுகளையும் யாரோ கைகோத்து விட்டிருந்தார்கள். அழகு கொஞ்சம் குறைந்திருந்தது. ஆனால் பிடி கூடியிருந்தது. கோட்டின் இரண்டு முனையிலும் ஒரு சின்ன விஷயம். கோடு முடியும் இடத்தில் நிற்காமல், வந்த வழியிலேயே திரும்பித் தன் மேலேயே ஒரு கடுகளவு ஏறியிருந்தது.

“இது என்ன?” என்றேன்.

“அதைத்தான் இன்னொரு டிசைன் ஆபீஸ்ல காட்டினேன். கத்துக்குட்டி வேலைன்னாங்க. கோட்டை எங்க நிறுத்தணும்னு தெரியலையாம். அந்தப் பொண்ணு வரைஞ்சதா இருக்கவே முடியாதாம். நாளைக்கு மத்தியானம் அச்சுக்குப் போகணும். வேற வழியில்லாம அவங்ககிட்டயே புதுசா ஒண்ணு கேட்டிருக்கேன்.”

“திரிசூலமா?”

முதலாளியம்மா ஒரு ஃபோனைத் திருப்பி வைத்தார். பேட்டி முடிந்தது.

*

எதிரில் பஸ் நிறுத்தம். உட்கார்ந்தோம். இரண்டு பஸ் போனது. கண்டக்டர் இரண்டுக்கும் கை காட்டவில்லை. இரண்டிலும் படியில் தொங்கியவர்களை மட்டும் திட்டினார்.

“யோசிங்க தம்பி. படம் வரையறவங்க இதைப் பார்த்துச் சிரிக்கிறாங்க. அப்படின்னா வரைஞ்சவன் படம் வரையறவன் இல்லை.”

“ஆனா கை நடுங்காம வரைஞ்சிருக்கு. தினமும் கோடு போடுற கை.”

“ரோட்டுல வெள்ளைக் கோடு போடுறவனா இருக்கும்.”

அவர் மடியில் பழைய தோள்பை. பஸ் கம்பெனியில் கொடுத்தது. அதன்மேல் நூலால் தைத்த சின்னமும் நான்கு எழுத்தும். பேசிக்கொண்டே, பிரிந்துகொண்டிருந்த ஒரு நூலை இழுத்துக்கொண்டிருந்தார். கடைசி எழுத்து பாதி போய்விட்டது.

“மத்த மூணும் உறுதியா இருக்கு பாருங்க, இது மட்டும் இழுக்க இழுக்க வருது. முப்பது வருஷம் உழைச்சவனுக்குக் கொடுத்த பையைப் பாருங்க.”

“அண்ணே. பையைக் கொடுங்க.”

“சாப்பாடு இருக்கு, கவுத்துடாதீங்க.”

பையின் மூடியைத் திருப்பினேன். பின்பக்கம் துணி. எழுத்துக்கு எழுத்து நூல் தாவியிருந்தது. ஒவ்வொரு தாவலும் ஒரு தளர்ந்த இழை. அதில் ஒன்றில்தான் கொக்கி மாட்டிப் பிரிய ஆரம்பித்திருக்கிறது. உறுதியாக நின்ற மூன்று எழுத்தின் முனையைப் பார்த்தேன். நூல் முடியும் இடத்தில், வந்த வழியிலேயே இரண்டு தையல் திரும்பி ஏறியிருந்தது. பிரியாமல் இருக்க ஒரு பூட்டு. கடைசி எழுத்தில் மட்டும் அது இல்லை.

கண்டக்டரிடம் காட்டினேன். ஃபோனில் இருந்த லோகோவையும் காட்டினேன். அதே கடுகு. அதே திரும்பல்.

“காகிதத்துல வரையறவங்களுக்குக் கோடு அறுந்தா கவலையில்லை அண்ணே. அறுந்தா அழகுன்னுகூடச் சொல்வாங்க. ஒரு கோட்டை அறுக்காம, ஒரே பருமனா, ரெண்டு முனையும் பூட்டி வரையறது யாரு?”

“நூல்ல வரையறவங்க.”

“அது பிழை இல்லை. பழக்கம். ஊசியோட பழக்கம் பென்சிலுக்கு வந்துடுச்சு.”

கண்டக்டர் தன் பையை வாங்கி, பிரிந்த எழுத்தைத் தடவினார். “என் பை நல்லா தைச்சிருந்தா இந்தக் கேஸே முடிஞ்சிருக்காது” என்றபடி எழுந்தார். “ரைட்.”

*

எம்பிராய்டரி அறை அதே கட்டடத்தின் தரைத்தளத்தில், பின்னால். பன்னிரண்டு ஊசி வைத்த ஒரு பெரிய மெஷின். பக்கத்தில் ஒரு கம்ப்யூட்டர், அதன்மேல் தூசி படியாமல் ஜாக்கெட் துணியில் தைத்த ஒரு உறை. சுவரில் ஆணியில் ஒரு தாள். அலமாரி முழுக்க நூல்கண்டுகள். வேலை செய்துகொண்டிருந்தவள் மெஷினை நிறுத்தினாள். இருபத்தேழு இருக்கும். உடையெல்லாம் நூல் துணுக்கு. காதோரத்தில்கூட ஒன்று.

நான் ஃபோனை நீட்டினேன். லோகோவைப் பார்த்தாள். யார் நீங்கள் என்று கேட்கவில்லை.

“நல்லா இல்லையா சார்?” என்றாள்.

“நல்லா இருக்கு.”

“ஓரமெல்லாம் மயிரு மாதிரி இருந்துச்சு. துணியில நிக்காது. அக்காவும் நானும் நாலு தடவை தைச்சுப் பார்த்தோம். கோட்டைச் சேர்த்துடலாம்னு அக்காவே சொன்னாங்க. படம் எடுத்துட்டு வந்து வரையறேன்னாங்க. அதுக்குள்ள...”

“மெயில்?”

“இந்தக் கம்ப்யூட்டர்லதான் அக்கா மெயில் பார்ப்பாங்க. மூடவே மாட்டாங்க. திறந்தேதான் கிடந்துச்சு. போன வாரம் கடிதம் வந்துச்சு, மாத்தித் தரலைன்னா வேற ஆபீஸ்ல கொடுத்துடுவோம்னு. தூக்கிப் போட்டுடுவாங்கன்னு பயந்துட்டேன். அது ஒண்ணுதான் சார் அக்காவோடது மிச்சம்.”

“உங்க பேர்லயே அனுப்பியிருக்கலாமே?”

“நான் தைக்கிறவ. நான் அனுப்பினா யாரு திறந்து பார்ப்பாங்க? அப்புறம், அது என்னோடது இல்லை. கோட்டைச் சேர்த்தது மட்டும்தான் நான்.”

“‘மாத்தியாச்சு’ன்னு எழுதினது?”

“அக்கா அப்படித்தான் எழுதுவாங்க. வேற எப்படி எழுதறதுன்னு எனக்குத் தெரியலை.” மெஷின்மேல் கிடந்த ஒரு துணுக்கை எடுத்துவிட்டு, “அவங்க வீட்டுக்காரர் வரைக்கும் போகும்னு நினைக்கலை சார். தப்புதான்.”

கேஸ் முடிந்தது. மெயில் அனுப்பியது யார் என்று தெரிந்துவிட்டது. ஆனால் கையெழுத்துப் போடணுமா வேண்டாமா என்ற கேள்விக்குப் பதில் இதில் இல்லை. மெயில் அவளிடமிருந்து வரவில்லை என்றுதான் சொல்ல முடியும். ஜாக்கெட் இன்னும் கிடைக்கவில்லை. கண்ணாடிக்கடைக்காரர் அதைப் பிடித்துக்கொண்டு இன்னும் பத்து வருடம் மிதப்பார்.

கண்டக்டர் சுவரோரம் நின்றிருந்தார். ஆணியில் தொங்கிய தாளைப் படித்துக்கொண்டிருந்தார். எழுதியது எதுவானாலும் படித்துவிடுவார், பஸ் பின்னால் எழுதியிருப்பதுகூட.

“இது என்னம்மா கணக்கு?”

“ஒரு நாளைக்கு மெஷின் எத்தனை தையல் போட்டுச்சுன்னு. மெஷினே காட்டும். சாயங்காலம் பார்த்து எழுதணும்.”

“ஒண்ணேகால் லட்சம், ஒண்ணரை லட்சம்... ஆஹா. நான் முப்பது வருஷத்துல கிழிச்ச டிக்கெட்டை இந்த மெஷின் ஒரு வாரத்துல தாண்டிடும்.” விரல் கீழே இறங்கியது. நின்றது. குரலில் சிரிப்பு போய்விட்டது. “ஒரு வியாழக்கிழமை மட்டும் சைபர்.”

அவள் மெஷின் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

“அன்னிக்கு லீவா?” என்றேன்.

“ஆமா.”

கண்டக்டர் தாளைக் கழற்றி என்னிடம் கொடுத்தார். தேதிக்குப் பக்கத்தில் ‘ஆள்’ என்று ஒரு கட்டம். அந்த வியாழனுக்கும் அதில் சரி போட்டிருந்தது.

“டெப்போவுல இதைப் பார்த்திருக்கேன் தம்பி” என்றார் மெதுவாக. “வண்டி ஷெட்டை விட்டே நகரலை. கண்டக்டர் மட்டும் டூட்டி பார்த்ததா எழுதியிருக்கும். யாரோ ஒரு சிநேகிதன் கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருப்பான்.”

ஏழு வாரத்துக்கு முந்தைய வியாழக்கிழமை.

“நீங்களும் படகுல போனீங்க” என்றேன்.

அவள் மெஷினுக்குப் பக்கத்திலிருந்த ஸ்டூலில் உட்கார்ந்தாள். காதோரத்து நூலை எடுத்து விரலில் சுற்றினாள். பிரித்தாள். மறுபடி சுற்றினாள்.

“அக்காதான் கூப்பிட்டாங்க. ‘ஏழு வருஷமா தைக்கிறே, இது தண்ணியில எப்படி இருக்கும்னு ஒரு தடவையாவது பார்த்திருக்கியா, வா’ன்னாங்க. நான் கடலையே அன்னிக்குத்தான் உள்ள போய்ப் பார்த்தேன். பக்கத்து ரூம்ல தைக்கிற பொண்ணுகிட்டச் சொல்லி வருகை போட்டுட்டுப் போனேன். ஒரு மணி நேரத்துல வந்துடலாம்னாங்க.”

“படகு?”

“ஒரு பக்கமா வந்த அலை. அந்தப் பெரியவர் தலை பலகையில அடிச்ச சத்தம் கேட்டுச்சு. அப்புறம் அவரைக் காணோம். நாங்க ரெண்டு பேரும் கவிழ்ந்த படகைப் பிடிச்சுக்கிட்டிருந்தோம். ஜாக்கெட் அக்கா போட்டிருந்தாங்க, ஃபோட்டோவுக்காக. இன்னொண்ணு அடியில மாட்டிக்கிச்சு. எடுக்க முடியலை. எனக்குக் கை வழுக்கிக்கிட்டே இருந்துச்சு.”

நிறுத்தினாள். நூலை விரலில் இறுக்கினாள்.

“கழட்டி எனக்குப் போட்டுவிட்டாங்க. நான் வேண்டாம்னேன் சார். நிஜமா வேண்டாம்னேன். ‘எனக்கு நீச்சல் தெரியும்டி, உனக்குத் தெரியாது, மாட்டு’ன்னாங்க. நான் கையை உள்ள விடாம இருந்தேன். ‘உன் கையால தைச்சது, நீயே நம்பலைன்னா யாரு நம்புவா?’ன்னு அதட்டினாங்க. அவங்களே கொக்கியை மாட்டினாங்க. அடுத்த அலையில நான் தள்ளிப் போயிட்டேன். திரும்பிப் பார்த்தேன். படகு மட்டும்தான் இருந்துச்சு.”

மாடியில் யாரோ நாற்காலியை இழுக்கும் சத்தம் கேட்டது. கண்டக்டர் நிமிர்ந்து மேலே பார்த்தார். அங்கே சுவரில் ஒட்டியிருந்த குறிப்பைத்தான் நினைத்திருப்பார்.

“கரைக்கு எப்ப வந்தீங்க?”

“வெளிச்சம் போற நேரம். பாறை இருக்கிற பக்கம். அதுக்குள்ள தேடுற படகெல்லாம் கடலுக்குள்ள போயிருந்துச்சு. அவங்க தேடுறாங்களே, நான் சொல்லி என்ன ஆகப்போகுதுன்னு நடந்து வீட்டுக்குப் போயிட்டேன். மறுநாள் சொல்லலாம்னு நினைச்சேன். மறுநாள் அந்தப் பெரியவர் உடம்பு கிடைச்சுடுச்சு. அப்புறம் ஒவ்வொரு நாளும், நேத்தே சொல்லியிருக்கணும்னு தோணும். எப்படிச் சார் போய் நிக்கிறது? உங்க வீட்டம்மா போட்டிருந்ததை நான் போட்டுக்கிட்டு வந்துட்டேன்னா?”

அலமாரியின் கடைசித் தட்டில் நூல்கண்டுகளை ஒதுக்கினாள். அடியிலிருந்து எடுத்தாள். ஆரஞ்சு நிறம் உப்புப் பூத்து வெளுத்திருந்தது. நெஞ்சில் பழைய லோகோ. மூன்று கோடுகள். மயிரிழை முனைகள் எல்லாம் பிரிந்து தொங்கின.

“நான் வர்றேன் சார்” என்றாள். “நீங்க முதல்ல சொல்லிடுங்க. என்னால ஆரம்பிக்க முடியாது.”

*

வழியில் கண்டக்டர் ஒரு ஜோக்குகூடச் சொல்லவில்லை. கண்ணாடிக்கடை வாசலில், “நீங்க சொல்லுங்க தம்பி. உங்களுக்குத்தான் தெரியும்” என்றார். அவளோடு வெளியே பெஞ்சில் உட்கார்ந்துகொண்டார்.

எனக்கு என்ன தெரியும்? இரண்டு வருடத்துக்கு முன்னால் என் மனைவி போய்விட்டாள் என்று என்னிடம் சொன்ன டாக்டர் என் சட்டைப் பொத்தானைப் பார்த்துக்கொண்டு சொன்னார். அதனால் இவர் கண்ணைப் பார்த்துச் சொல்வது என்று முடிவு செய்தேன். அது மட்டும்தான் தெரியும்.

சொன்னேன். நான்கைந்து வாக்கியம். ஜாக்கெட்டைக் கவுண்டரின்மேல் வைத்தேன்.

அவர் அதைத் தொடவில்லை. கண்ணாடியைக் கழற்றினார். துடைத்தார். போட்டார். மறுபடி கழற்றினார். பிறகு எழுந்து போய் லென்ஸ் தேய்க்கிற மெஷினை நிறுத்தினார். சொட்டிக்கொண்டிருந்த தண்ணீர் நின்றது. கடையில் அதுவரை எவ்வளவு சத்தம் இருந்தது என்று அப்போதுதான் தெரிந்தது.

“கப்பல் எதுவும் இல்லை, இல்ல?” என்றார்.

“இல்லை.”

“காலையில துறைமுக ஆபீஸ் எத்தனை மணிக்குத் திறப்பாங்க?”

“பத்து.”

தலையாட்டினார். ஒரு விரலால் கொக்கியைத் தொட்டார். மாட்டினார். கழற்றினார்.

“ஏன் கொடுத்தா?” கோபமில்லை. கணக்கு சரியாக வராத ஒருவரின் குரல்.

“அந்தப் பொண்ணுக்கு நீச்சல் தெரியாது. உங்க மனைவிக்குத் தெரியும்னு...”

“யாரு சொன்னது?”

“அவங்களேதான் சொல்லியிருக்காங்க. ‘எனக்கு நீச்சல் தெரியும்’னு.”

அவர் என்னைப் பார்த்தார். எழுத்து அட்டையின் கடைசி வரியைப் படிக்க முயல்கிறவர்போல, கண்ணைச் சுருக்கி.

“கல்யாணமான புதுசுல ஒரு தடவை குளத்துல இறங்கினோம் சார். இடுப்பளவு தண்ணி. என் கழுத்தைக் கட்டிக்கிட்டு, கரைக்கு வர்ற வரைக்கும் விடலை. அப்புறம் ஒரு வாரம் அதைச் சொல்லிச் சொல்லி நான் சிரிச்சேன்.” உதடு ஏதோ செய்தது. அது சிரிப்பாகவில்லை. “தண்ணின்னா அவ்வளவு பயம் அவளுக்கு. ஒரு கை நீந்தத் தெரியாது.”

கதவு திறந்தது. பெஞ்சில் இருந்த பெண் காத்திருக்க முடியாமல் உள்ளே வந்துவிட்டாள். பின்னால் கண்டக்டர், தடுக்கப் பார்த்து முடியாமல். அவள் கவுண்டர் வரைக்கும் வந்தாள். கைகூப்பவும் இல்லை, காலில் விழவும் இல்லை. இரண்டு கையையும் எங்கே வைப்பது என்று தெரியாமல் தொங்கவிட்டு நின்றாள்.

“சார், ஒண்ணே ஒண்ணு கேட்கணும் சார். தினமும் கேட்டுக்கிட்டே இருக்கேன், யார்கிட்டயும் கேட்க முடியலை.”

அவர் நிமிர்ந்தார்.

“நீச்சல் தெரியும்னு சொன்னதாலதான் சார் வாங்கிக்கிட்டேன். இல்லேன்னா வாங்கியிருக்க மாட்டேன். சத்தியமா வாங்கியிருக்க மாட்டேன். அக்காவுக்கு நீச்சல் தெரியும்ல சார்?”

கண்டக்டர் என்னைப் பார்த்தார். என் முகத்தில் பதிலைப் படித்துவிட்டார். தரையைப் பார்த்தார்.

கண்ணாடிக்கடைக்காரர் அவளைப் பார்த்துக்கொண்டே இருந்தார். அவள் காதோரத்தில் இன்னொரு நூல் துணுக்கு இருந்தது. பிறகு, கண் பரிசோதனைக்கு வருகிறவர்கள் உட்காரும் நாற்காலியை அவள் பக்கம் தள்ளினார்.

“உட்காரும்மா.”

அவள் உட்காரவில்லை.

“தெரியும்” என்றார். “நல்லா நீந்துவா. எங்க ரெண்டு பேர்ல அவதான் நல்லா நீந்துவா.”

அவள் நாற்காலியில் சரிந்தாள். ஏழு வாரமாக உள்ளே இருந்தது வெளியே வந்தது. அந்தச் சத்தத்துக்கு நடுவில், யாரிடமோ மெதுவாக விளக்குகிறவர்போல அவர் சொன்னார்:

“அன்னிக்கு அலை பெருசும்மா. அவ்வளவுதான்.”